'தி தேர்ட் மேன்' வட்டுகள்: 104 நிமிடமா, 100 நிமிடமா, 93 நிமிடமா?

கரோல் ரீட் இயக்கி 1949-இல் வெளிவந்த 'தி தேர்ட் மேன்' படத்தை வட்டாக வாங்க நினைக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஒரு வட்டின் அட்டையில் 104 நிமிடம் என்றும், இன்னொன்றில் 100 நிமிடம் என்றும், மலிவு விலை வட்டொன்றில் 93 நிமிடம் என்றும் போட்டிருக்கிறது. இவற்றில் எது முழுப் படம்? பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 4கே மறுசீரமைப்பு என்று சொல்லிக் கூடுதல் விலை வைக்கிறார்களே, அது தகுமா?"

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். 104 நிமிடம் ஓடுவதுதான் முழுப் படம். 100 நிமிடம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் அதே முழுப் படம்தான்; ஆனால் சற்று வேகமாக ஓடுகிறது. 93 நிமிடம் என்பது அமெரிக்காவுக்காக வெட்டித் திருத்தப்பட்ட வேறு பதிப்பு. வாங்குவதாக இருந்தால் 2015-இல் செய்யப்பட்ட 4கே (அகலத்தில் சுமார் 4,000 புள்ளிகள் கொண்ட தெளிவு) மறுசீரமைப்பிலிருந்து எடுத்த, 104 நிமிடம் ஓடும் ப்ளூரே வட்டையோ 4கே வட்டையோ வாங்குங்கள். இந்தப் படத்துக்கு அந்தக் கூடுதல் விலை முற்றிலும் தகும். இப்படத்தின் ஒளிப்பதிவையும் இசையையும் கெட்ட பிரதியில் பார்த்துவிட்டு அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது படத்துக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து, வியன்னா நகரம் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாட்டுப் படைகளின் ஆளுகையில் பங்கு போடப்பட்டுக் கிடந்த காலம். மலிவு விலைக் கௌபாய் நாவல்கள் எழுதும் ஹாலி மார்ட்டின்ஸ் என்ற அமெரிக்கர், தன் பழைய நண்பன் ஹாரி லைம் வேலை தருவதாக அழைத்ததை நம்பி அங்கே வந்து இறங்குகிறார். வந்த அன்றே, நண்பன் கார் மோதி இறந்துவிட்டான் என்றும் அடக்கம் நடந்துகொண்டிருக்கிறது என்றும் தெரியவருகிறது. உடலைத் தூக்கியவர்கள் இருவர் என்கிறார்கள் கூட இருந்தவர்கள்; மூன்றாவதாக ஒருவரும் இருந்தார் என்கிறார் கட்டடத்தின் காவலாளி. அந்த மூன்றாவது ஆள் யார் என்ற கேள்வியோடு படம் புறப்படுகிறது. கதையும் திரைக்கதையும் கிரஹாம் கிரீன் எழுதியவை; ஜோசப் காட்டன், அலிடா வல்லி, ஆர்சன் வெல்ஸ், ட்ரெவர் ஹோவர்ட் ஆகியோர் முதன்மை நடிகர்கள். 1949-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் முதல் பரிசு இதற்குத்தான் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் நடத்திய வாக்கெடுப்பிலும் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த பிரிட்டிஷ் படமாக இதுவே முதலிடம் பெற்றது.

இனி 93 நிமிடக் கணக்குக்கு வருவோம். இந்தப் படத்துக்குத் தயாரிப்பாளர்கள் இருவர். லண்டனில் அலெக்சாண்டர் கோர்டா. அமெரிக்காவில் டேவிட் செல்ஸ்னிக். காட்டனும் வல்லியும் செல்ஸ்னிக்கின் ஒப்பந்தத்தில் இருந்த நடிகர்கள். அவர்களையும் பணத்தில் ஒரு பங்கையும் கொடுத்ததற்கு ஈடாக, அமெரிக்காவில் படத்தை வெளியிடும் உரிமை அவருக்குக் கிடைத்தது. 1950-இல் அங்கே வெளியிட்டபோது அவர் படத்தில் சுமார் 11 நிமிடங்களைக் குறைத்தார். குறைத்ததோடு நிற்காமல், தொடக்கத்தில் வரும் பின்னணிக் குரலையும் மாற்றினார். இந்த மாற்றம்தான், என் பார்வையில், வெட்டப்பட்ட நிமிடங்களைவிடப் பெரிய இழப்பு.

104 நிமிடம் ஓடும் பிரிட்டிஷ் பதிப்பு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பெயர் முகம் எதுவும் தெரியாத ஒருவன் பேசுகிறான். போருக்கு முந்தைய வியன்னாவைத் தான் அறிந்ததில்லை என்கிறான். கள்ளச்சந்தையில் எது கேட்டாலும் கிடைக்கும் என்று தொழில் தெரிந்தவனின் சாவதானத்தோடு விவரிக்கிறான். அவன் பேசப் பேசக் காலணிகளும் கைக்கடிகாரங்களும் கை மாறுவது திரையில் வந்து போகிறது. தொழிலில் பழக்கமில்லாதவர்கள் நெடுநாள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று அவன் சொல்லும் இடத்தில், ஆற்றில் ஓர் உடல் மிதப்பதைக் காட்டுகிறார்கள். குரலில் துளியும் நடுக்கமில்லை. அந்தக் குரல் இயக்குநர் கரோல் ரீடின் சொந்தக் குரல். அரை நிமிடத்துக்குள், இந்த நகரத்தில் உயிரின் விலை என்ன என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் எதுவும் அறியாத மார்ட்டின்ஸ் ரயிலிலிருந்து இறங்குகிறார்.

அமெரிக்கப் பதிப்பில் அதே காட்சிகளின் மேல் ஜோசப் காட்டனின் குரல், மார்ட்டின்ஸாகவே பேசுகிறது. நடந்தது எல்லாம் தெரிந்த ஒருவர் பின்னோக்கிச் சொல்லும் கதையாக அது மாறிவிடுகிறது. மார்ட்டின்ஸ் இந்தக் கதையில் எதையும் சரியாகப் புரிந்துகொள்ளாமல் தடுமாறுபவர். அவரையே முதலிலிருந்து நமக்கு வழிகாட்டியாக்கினால், அந்தத் தடுமாற்றத்தின் கூர்மை மழுங்கிவிடும். போதாக்குறைக்கு, அவருடைய குடிப்பழக்கத்தையும் கையாலாகாத்தனத்தையும் காட்டும் சில பகுதிகளும் குறைக்கப்பட்டன. செல்ஸ்னிக்கை இதற்காக முழு வில்லனாக்கிவிட வேண்டாம். படத்தின் முடிவைப் பற்றிக் கிரீனுக்கும் ரீடுக்கும் கருத்து வேறுபாடு வந்தபோது, கிரீன் விரும்பிய இதமான முடிவை விட்டு, கல்லறைத் தோட்டத்துச் சாலையில் அமையும் அந்த நீண்ட ஒற்றைக் காட்சியே வேண்டும் என்று ரீட் நின்றார். செல்ஸ்னிக்கும் ரீடின் பக்கமே இருந்தார். ரீட் செய்ததே சரி என்று கிரீன் பிற்பாடு எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்.

100 நிமிடக் கணக்கு வெட்டால் வந்ததல்ல. திரைப்படம் நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடுவது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய 'பால்' (PAL) முறைத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 பிரேம்கள் வேண்டும். ஆகவே பால் முறை டிவிடிகளில் படத்தையே நான்கு விழுக்காடு வேகமாக ஓட்டிவிடுவார்கள். 104 நிமிடம் சுமார் 100 நிமிடமாகச் சுருங்கும். ஒரு காட்சிகூடக் குறையாது. ஆனால் வேகம் கூடும்போது, தனியாகச் சரிசெய்யாவிட்டால், ஒலியின் சுருதியும் ஏறும். கிட்டத்தட்ட அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். வசனத்தில் இது பலருக்கும் தெரியாது. இந்தப் படத்திலோ பின்னணி இசை முழுவதும் ஒரே வாத்தியம்: ஆண்டன் கராஸ் மீட்டிய ஸிதர். மேசைமேல் வைத்து விரலால் மீட்டும் அந்தத் தந்தி வாத்தியத்தை வியன்னாவில் கேட்டு மயங்கிய ரீட், முழு இசைக்குழுவின் இசையை ஒதுக்கிவிட்டுக் கராஸை லண்டனுக்கே அழைத்துச் சென்றார். அந்த இசையின் முதன்மை மெட்டு 1950-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. மெட்டைத் தனியாகக் கேட்டுப் பழகிய காதுக்கு, பால் டிவிடியில் அது சற்று அவசரமாகவும் கூர்மையாகவும் ஒலிப்பது உடனே பிடிபடும். ப்ளூரேயில் படத்தை நொடிக்கு 24 பிரேம்களாகவே பதிய முடியும் என்பதால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. டிவிடியிலிருந்து ப்ளூரேக்கு மாறுவதற்குப் படத் தெளிவை மட்டுமே காரணமாகச் சொல்வார்கள். இந்தப் படத்தைப் பொறுத்தவரை காதுக்காகவும் மாறலாம்.

அடுத்தது, மலிவு வட்டுகள் ஏன் அவ்வளவு மோசமாக இருக்கின்றன என்பது. அமெரிக்காவின் பழைய சட்டப்படி, ஒரு படைப்பின் உரிமையை 28 ஆண்டுகள் முடியும்போது புதுப்பிக்க வேண்டும். செல்ஸ்னிக் 1965-இல் காலமாகிவிட்டார். இந்தப் படத்துக்கான உரிமை புதுப்பிக்கப்படவில்லை. விளைவாக அங்கே அது யாரும் விற்கக்கூடிய பொதுச்சொத்தானது. கையில் கிடைத்த தேய்ந்த பிரின்டை வைத்து யார் வேண்டுமானாலும் விஎச்எஸ் நாடாவும் பின்னர் டிவிடியும் போட்டு விற்றார்கள். உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையின் உருகுவே சுற்றையொட்டி இயற்றப்பட்ட சட்டம், 1996-இல் இத்தகைய வெளிநாட்டுப் படங்களுக்கு உரிமையை மீட்டுக் கொடுத்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. சட்டம் மாறினாலும், அதற்குள் உலகெங்கும் பரவிவிட்ட கெட்ட பிரதிகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அட்டையில் நிறுவனத்தின் பெயர் தெளிவாக இல்லாமல், மறுசீரமைப்பு பற்றி ஒரு வரிகூட இல்லாமல், படம் பத்தோடு பதினொன்றாக ஒரு தொகுப்பில் வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

முறையான பதிப்புகளின் வரலாறு இப்படிப் போகிறது. கிரைட்டீரியன் நிறுவனம் பிரிட்டிஷ் பதிப்பை 1999-இல் டிவிடியாகவும், 2007-இல் இரண்டு வட்டு டிவிடியாகவும், 2008 டிசம்பரில் தன் முதல் ப்ளூரே வட்டுகளுள் ஒன்றாகவும் வெளியிட்டது. உரிமை ஸ்டூடியோ கெனால் நிறுவனத்திடம் இருந்ததால், ஒப்பந்தம் முடிந்ததும் அந்த வட்டு அச்சில் இல்லாமல் போனது. 2010-இல் அமெரிக்காவில் லயன்ஸ்கேட் நிறுவனத்தின் வழியாக ஸ்டூடியோ கெனாலின் ப்ளூரே வந்தது. கிரைட்டீரியன் ப்ளூரே இன்று பழைய வட்டுச் சந்தையில் சேகரிப்போரின் பொருள். அதை அதிக விலை கொடுத்துத் தேடிப்போக வேண்டிய தேவை, 2015 மறுசீரமைப்புக்குப் பிறகு, படத்தைப் பார்க்க மட்டும் விரும்புபவருக்கு இல்லை.

அந்த மறுசீரமைப்பில் அப்படி என்ன செய்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு படம் பிரதியாகும் வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேமராவில் ஓடியது மூல நெகடிவ். அதிலிருந்து மிக நுண்ணிய துகள் கொண்ட பிலிமில் எடுப்பது மாஸ்டர் பாசிடிவ். அதிலிருந்து நகல் நெகடிவ். அதிலிருந்துதான் திரையரங்குகளுக்குப் போகும் பிரின்டுகள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் கூர்மை குறையும். இருளும் ஒளியும் தத்தம் உள் விவரங்களை விழுங்கிக்கொள்ளும். மலிவு வட்டுகள் இந்த வரிசையின் அடிமட்டத்திலிருந்து, அதுவும் பலமுறை ஓடிக் கீறல் விழுந்த பிரின்டிலிருந்து எடுக்கப்பட்டவை. 'தி தேர்ட் மேன்' படத்தின் மூல நெகடிவோ இன்று கையில் இல்லை. ஆகவே 2015-இல், அந்த மூலத்திலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டிருந்த மாஸ்டர் பாசிடிவை 4கே அளவில் ஸ்கேன் செய்து, லண்டனில் ஒவ்வொரு பிரேமாகக் கீறலும் அழுக்கும் நீக்கி, ஆட்டத்தை நிலைப்படுத்தி, வெளிச்ச வேறுபாடுகளைச் சமன்செய்தார்கள். மூலத்துக்கு ஒரே படி கீழே இருக்கும் சுருள் கிடைத்தது பெரிய கொடுப்பினை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும், தானாகவே சிதையும். எத்தனையோ படங்களுக்கு அந்த ஒரு படிகூட மிஞ்சவில்லை. மறுசீரமைத்த பிரதி அதே ஆண்டு கான் விழாவின் பழம்பெரும் படங்கள் பிரிவில் திரையிடப்பட்டு, பின்னர் ப்ளூரேயாக வந்தது.

இதன் பலனை எந்த இடத்தில் பார்க்கலாம் என்று கேட்டால், படத்தின் நடுப்பகுதிக்குப் பிறகு வரும் ஓர் இரவுக் காட்சியைச் சொல்வேன். தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு வாசலின் ஆழ்ந்த இருளில் யாரோ நிற்கிறார். கால்மாட்டில் ஒரு பூனை வந்து அமர்ந்து காலணியை முகர்கிறது. குடித்திருக்கும் மார்ட்டின்ஸ் தெருவின் எதிர்ப்புறமிருந்து இரைகிறார். அந்த இரைச்சல் பொறுக்காமல் மாடியில் ஒரு பெண் விளக்கைப் போட, சன்னல் வெளிச்சம் நேராக அந்த வாசலில் விழுகிறது. மேற்கொண்டு சொல்லமாட்டேன். கெட்ட பிரதியில் அந்த வாசல் வெறும் கறுப்புப் பள்ளம். விளக்கு விழுந்ததும் வெறும் வெள்ளைத் திட்டு. நல்ல பிரதியில், விளக்கு விழுவதற்கு முன்பே இருளுக்குள் இருள் அடுக்கடுக்காகத் தெரியும்: கதவின் விளிம்பு, மேலங்கியின் மடிப்பு, காலணியின் மினுக்கம், ஈரமாக்கிய கல் பாவிய தெருவில் ஒவ்வொரு கல்லின் வளைவிலும் தெறிக்கும் ஒளி. ஒளிப்பதிவாளர் ராபர்ட் கிராஸ்கருக்கு ஆஸ்கர் கிடைத்தது இப்படிப்பட்ட இரவுகளுக்காகத்தான். அந்தத் தெருக்களை நனைத்து வைத்துத்தான் எடுத்தார்கள். அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாத பிரதியில் படத்தின் பாதி போய்விடுகிறது. இறுதியில் வரும் பாதாளச் சாக்கடைத் துரத்தலிலும் இதே கதைதான். இரும்பு மூடியின் கம்பிகளுக்கிடையே விரல்கள் மேலே நீண்டு துடிக்கும் ஒரு காட்சி அங்கே உண்டு. அந்த விரல்கள் இயக்குநர் ரீடுடையவை.

நல்ல வட்டைப் போட்டதும் சிலர், "படம் முழுக்கப் பொடி பறக்கிறதே, இதுவா மறுசீரமைப்பு?" என்று குறைப்படுவதுண்டு. அந்தப் பொடி பிலிமின் இயல்பான துகள். படமே அந்தத் துகள்களால் ஆனதுதான். அதைக் கணினியால் வழித்தெடுத்தால் முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும், மேலங்கியின் நெசவும் சுவரின் சொரசொரப்பும் சேர்ந்து காணாமல் போகும். இந்தப் படத்தின் பழைய ப்ளூரேக்களுக்குள்ளேயே, துகளை அப்படியே விட்ட கிரைட்டீரியன் வட்டையும் அதைவிட வழுவழுப்பான 2010 வட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் நெடுநாள் வாதாடியிருக்கிறார்கள். என் ஓட்டு எப்போதும் துகளுக்கே. இணையவழி ஒளிபரப்பில் முதலில் அடிபடுவதும் அந்தத் துகள்தான். ப்ளூரே வட்டு படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை தரவல்லது. இணையத்தில் வருவது பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்கே என்பதால், இருண்ட காட்சிகளில் துகள் கட்டம் கட்டமாகத் திரண்டுவிடும். இரவுக் காட்சிகளே உயிரான ஒரு படத்துக்கு இதனால்தான் வட்டைப் பரிந்துரைக்கிறேன்.

தொலைக்காட்சியில் படத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் இருந்தால் அதுவே சரியான வடிவம். படம் எடுக்கப்பட்ட சட்டகத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு, இன்றைய திரை 1.78 மடங்கு. திரையை நிரப்புவதற்காகப் பெரிதாக்கினால் உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு பறிபோகும். சாய்ந்த கோணங்களால் பெயர்பெற்ற படத்தில் அப்படி வெட்டுவது பெரும் சேதம். ஒலியும் மூலத்தில் ஒற்றைத் தடமே, பல திசைகளிலிருந்து ஒலிக்கும் 5.1 ஒலி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

ஆங்கில சப்டைட்டிலை நம்பிப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் வியன்னாக்காரர்கள் பேசும் ஜெர்மன் மொழிக்கு மொழிபெயர்ப்பு வராது. இது வட்டின் கோளாறல்ல. நான்கு நாட்டுக் காவலர்கள் ஹாரி லைமின் காதலி அன்னாவின் (அலிடா வல்லி) அறையைச் சோதனையிடும்போது, போர்வையைச் சுற்றிக்கொண்டு படிக்கட்டில் நிற்கும் வீட்டுக்காரக் கிழவி, தன் அழகான பழைய வீட்டுக்கு வந்த கதியைச் சொல்லி ஜெர்மனில் பொரிந்து தள்ளுகிறார். ஹெட்விக் பிளைப்ட்ராய் என்ற மூத்த நடிகை நடித்தது. மார்ட்டின்ஸுக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது. நமக்கும் புரியக் கூடாது என்பதே ரீடின் நோக்கம். அந்நிய ஊரில் எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம் அப்படித்தான் நம்மையும் பற்றிக்கொள்கிறது.

வாங்குமுன், வட்டு எந்த நாடுகளில் விற்கும் பிளேயர்களில் ஓடும் என்பதைக் காட்டும் மண்டலக் குறியீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளூரேயில் இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம். பிரிட்டனும் ஐரோப்பாவும் பி. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா ஏ. லண்டனிலிருந்து உறவினர் வாங்கி வரும் பி மண்டல வட்டு சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாமல் போகலாம்; எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் இருந்தால் கவலையில்லை. 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது என்பதால், 4கே பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு எங்கிருந்து வாங்கினாலும் ஓடும். ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் ப்ளூரே வட்டுக்குப் பூட்டு இருக்கக்கூடும்.

கூடுதல் அம்சங்களில் நான் முதலில் தேடுவது ஃபிரெடெரிக் பேக்கரின் 'ஷேடோயிங் தி தேர்ட் மேன்' என்ற ஆவணப்படம். வியன்னாவில் நடந்த படப்பிடிப்பையும் ரீட், செல்ஸ்னிக் இழுபறியையும் ஒன்றரை மணி நேரத்துக்கு அலசுகிறது. உதவி இயக்குநராக இருந்த கை ஹாமில்டனும் காட்சித் தொடர்ச்சியைக் கவனித்த ஏஞ்சலா ஆலனும் பேசும் விளக்க ஒலித்தடம் உள்ள பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். இருவருமே அந்தப் படப்பிடிப்பில் நின்றவர்கள். அமெரிக்கப் பதிப்பின் தொடக்கத்தையும் சில வட்டுகளில் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். முழுப் படத்தை முதலில் பார்த்துவிட்டு, அந்தத் தொடக்கத்தை அதன் பிறகு போட்டுப் பாருங்கள். அட்டைப் படத்தையும் முன்னோட்டத்தையும் முதன்முறை பார்ப்பவரின் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். வாசலில் நிற்பது யார் என்பதை அவை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.